மூன்று கையெழுத்து இருந்தும் பணம் ஏன் தவறான இடத்துக்குப் போகிறது: உள்கட்டுப்பாட்டை வடிவமைப்பது குறித்து

கேள்வி இதுதான். ஏறத்தாழ அறுபது பேர் பணிபுரியும், வேகமாக வளர்ந்துவரும் ஒரு நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர், பிழையையும் மோசடியையும் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் ஆலோசகர் ஒருவர் தயாரித்துக் கொடுத்த 140 வரிக் கட்டுப்பாட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இவற்றில் எவற்றை நடைமுறைப்படுத்துவது, எவற்றை விட்டுவிடலாம், இடர் மேலாண்மைக்கும் இந்தப் பட்டியலுக்கும் உண்மையில் என்ன தொடர்பு என்று கேட்கிறார். பட்டியலில் பாதிக்கு மேல் “மேலாளர் ஒப்புதல் பெறப்பட வேண்டும்” என்ற ஒரே வாக்கியம்தான் வெவ்வேறு தலைப்புகளின் கீழ் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

அந்தக் கடைசிக் குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். “மேலாளர் ஒப்புதல்” என்று எழுதிவைத்தால் ஒரு கையெழுத்து கிடைக்கும், அவ்வளவுதான் உறுதி. கையெழுத்திடுபவர் எந்த ஆவணத்தை எதனோடு ஒப்பிட்டார், எந்தப் பிழையைத் தேடினார், பிழை தென்பட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்பவற்றுக்கு அந்த வரியில் பதில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் தணிக்கைக்குச் சென்றிருந்த ஓர் உற்பத்தி நிறுவனத்தில் ஒவ்வொரு பில்லின் பின்புறமும் மூன்று கட்டங்கள் கொண்ட ரப்பர் ஸ்டாம்பு குத்தப்பட்டு, மூன்றிலும் தவறாமல் கையெழுத்து இருந்தது. மூன்றாவது கட்டத்துக்கு உரியவரிடம் எதைச் சரிபார்க்கிறீர்கள் என்று கேட்டபோது, “முதல் இரண்டு கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்ப்பேன்” என்றார். இரண்டாமவர், தமக்குப் பிறகு பெரியவர் பார்ப்பார் என்ற நம்பிக்கையில் போட்டிருந்தார். முதலாமவர் அந்தப் பில்லைக் கணினியில் பதிவு செய்தவரே. ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருந்ததை நாங்கள் கண்டுபிடித்தது அந்தக் கட்டுகளில்தான். முதல் முறை பில் எண்ணின் நடுவில் இருந்த சிறு கோட்டோடும், இரண்டாம் முறை கோடு இல்லாமலும் பதிவு செய்யப்பட்டிருந்ததால், இரட்டைப் பதிவைத் தடுக்க வேண்டிய மென்பொருள் அவற்றை இரு வேறு பில்களாக எடுத்துக்கொண்டது. இரண்டு தாள்களிலும் மும்மூன்று கையெழுத்து இருந்தன.

சிறிய நிறுவனங்களில்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடன் ஒன்றுக்கு, பணத்தைப் பிரித்து அனுப்பும் முகவராக இருந்து, கடன் கொடுத்தோருக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டியை மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது; அனுப்பியதோ அசலையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 90 கோடி டாலர், அதுவும் வங்கியின் சொந்தப் பணம். பதிவு செய்பவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என மூன்று பேர் பார்க்க வேண்டிய, “ஆறு கண்” என்று அவர்களே பெயர் வைத்திருந்த நடைமுறை முழுமையாகப் பின்பற்றப்பட்டது. அசல் வெளியே போகாமல் உள்கணக்கிலேயே நிற்க வேண்டுமானால் அந்த மென்பொருளில் மூன்று பெட்டிகளை நிரப்ப வேண்டும். ஒன்றை நிரப்பினால் போதும் என்று மூவரும் நினைத்தார்கள். பணம் வங்கியை விட்டு வெளியே போகும் என்று திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது, ஆனால் எவ்வளவு போகும் என்பது அதில் இல்லை. வட்டி எப்படியும் வெளியே போக வேண்டியதுதானே என்று அனுமதித்துவிட்டார்கள். இங்கே யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. மூவரும் ஒரே திரையைப் பார்த்து, ஒரே தவறான புரிதலோடு, ஒரே முடிவுக்கு வந்தார்கள். மூன்றாமவர், வெளியேறவிருக்கும் மொத்தத் தொகையை, கடன் ஒப்பந்தப்படி அன்று செலுத்த வேண்டிய தொகையோடு தனியாக ஒப்பிட வேண்டும் என்று இருந்திருந்தால், அந்தத் தவறு அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். நான்காவது கையெழுத்தைச் சேர்ப்பதால் அந்த ஒப்பீடு வந்துவிடாது.

ஆகவே வடிவமைப்பு, கட்டுப்பாட்டிலிருந்து தொடங்கக் கூடாது. எது தவறாகப் போகக்கூடும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உள்கட்டுப்பாட்டுக்கென உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் கோசோ (COSO) கட்டமைப்பு 1992-இல் வெளியாகி 2013-இல் திருத்தப்பட்டது. அதன் ஐந்து கூறுகளில் இடர் மதிப்பீடு, கட்டுப்பாட்டு நடவடிக்கைகளுக்கு முன்னால் வருகிறது. அந்த வரிசைக்குப் பொருள் உண்டு. அதன் 17 கோட்பாடுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை உங்களுக்கு இப்போது இல்லை. உங்கள் நிறுவனத்தில் பணம், பொருள், தகவல், வாக்குறுதி ஆகிய நான்கும் எந்தெந்த இடத்தில் கைமாறுகின்றன என்று ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு கைமாற்றத்திலும் நடக்கக்கூடிய தவறை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். “கொள்முதல் இடர்” என்பது வாக்கியம் ஆகாது. அதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. “வராத சரக்குக்கான பில், வந்த சரக்குக்கானது போலப் பதிவாகிப் பணம் செலுத்தப்படலாம்” என்று எழுதினால், அதைத் தடுக்கக் கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றையும் ஒப்பிட வேண்டும் என்பதும், அவற்றில் சரக்கு வரவுச் சீட்டைக் கொள்முதல் பிரிவினர் எழுதக் கூடாது என்பதும் அந்த வாக்கியத்திலிருந்தே வெளிவருகின்றன. இப்படி எழுதிய ஒவ்வொரு தவறுக்கும், அது நடந்தால் எவ்வளவு இழப்பு, எவ்வளவு காலம் வெளியே தெரியாமல் இருக்கும் என்ற இரண்டையும் தோராயமாகக் குறியுங்கள். எத்தனை முறை நடக்கும் என்ற கணிப்பை எல்லோரும் எழுதுகிறார்கள்; எவ்வளவு காலம் மறைந்திருக்கும் என்பதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, பெரிய இழப்புகள் வளர்வது அந்தக் கால இடைவெளியில்தான் என்றபோதும்.

இதை ஓர் எடுத்துக்காட்டில் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்க்கலாம். உங்களுக்குச் சரக்கு தரும் வழங்குநர் ஒருவரிடமிருந்து, தங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்றும் இனிமேல் புதிய கணக்குக்கே பணம் அனுப்ப வேண்டும் என்றும் மின்னஞ்சல் வருகிறது. கடிதத் தாள், முத்திரை, பேசும் தோரணை எல்லாம் வழக்கம்போலவே இருக்கின்றன. மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து இடம் மாறியிருக்கிறது. சில சமயம் அதுவும் மாறியிருக்காது, ஏனெனில் வழங்குநரின் உண்மையான மின்னஞ்சல் கணக்கே திருடர் கையில் இருக்கலாம். உங்கள் 140 வரிகளில் இதற்கு நேராக “மேலாளர் ஒப்புதல்” என்றிருக்கும். மேலாளர் அந்த மின்னஞ்சலைப் பார்ப்பார், அது சரியாகவே தோன்றும், ஒப்புதல் தருவார்.

இதே கட்டுப்பாட்டை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். பில் பதிவு செய்யவோ பணம் அனுப்பவோ உரிமை இல்லாத ஒருவர், வழங்குநரின் கோப்பில் இந்தக் கோரிக்கை வருவதற்கு முன்பே பதிவாகியிருந்த தொலைபேசி எண்ணில் அழைத்து, நமக்கு ஏற்கெனவே அறிமுகமான நபரிடம் பேசி, புதிய கணக்கு எண்ணை அவர் வாயால் சொல்லக் கேட்டு ஒப்பிட வேண்டும். கடிதத்தில் கொடுத்திருக்கும் எண்ணை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. எண்ணை நாம் வாசித்துக் காட்டி “சரிதானே” என்று கேட்பதும் கூடாது, ஏனெனில் அந்தக் கேள்விக்கு அவசரத்தில் இருப்பவர் எவரும் சரி என்றே சொல்வார். அழைத்த எண், பேசியவர் பெயர், நேரம், ஒப்பிட்டவர் ஆகிய நான்கும் கோரிக்கையோடு சேர்த்துப் பதிவாக வேண்டும். தொடர்புகொள்ள முடியவில்லை என்றால் பழைய கணக்கும் நிறுத்திவைக்கப்படும், பணம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை நீக்கும் உரிமை கொள்முதல் பிரிவுக்கு இல்லை. கடைசியாக, மாத முடிவில் வங்கிக் கணக்கு மாற்றப்பட்ட எல்லா வழங்குநர்களின் பட்டியலையும் மென்பொருளிலிருந்து நேரடியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அழைப்புப் பதிவு இருக்கிறதா என்று வேறொருவர் பார்க்க வேண்டும்.

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார், எப்போது, எதை, எதனோடு ஒப்பிடுகிறார், பொருந்தாவிட்டால் என்ன, சான்று எங்கே என்ற ஆறும் அதில் இருக்கின்றன. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கட்டுப்பாடு நடந்ததா இல்லையா என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. மாத முடிவுப் பட்டியலை மென்பொருளிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும் என்றதற்கும் காரணம் இருக்கிறது. சரிபார்க்கப்பட வேண்டியவரே எக்செல்லில் தயாரித்துத் தரும் பட்டியலில், அவர் காட்ட விரும்பாத வரி இருக்காது. எந்த அறிக்கையை நம்பி ஒரு கட்டுப்பாடு இயங்குகிறதோ அந்த அறிக்கை முழுமையானதுதானா என்பதையும் வடிவமைப்பிலேயே கேட்க வேண்டும். எக்செல் தாளே கணக்கீட்டுக் கருவியாகிவிடும்போது இந்தக் கவலை இரட்டிப்பாகும்: ஜேபி மார்கன் 2012-இல் லண்டன் வர்த்தகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்த விவகாரத்தில், இடரை அளந்த கணித மாதிரியே கையால் நகலெடுத்து ஒட்டப்படும் விரிதாள்களில் ஓடிக்கொண்டிருந்ததும், சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுக்கப்பட்டிருந்ததும் அந்த நிறுவனத்தின் சொந்த விசாரணையிலேயே வெளிவந்தன.

முன்தடுப்புக் கட்டுப்பாடு, பின்னர் கண்டறியும் கட்டுப்பாடு என்ற பாகுபாடு எல்லாப் பாடநூலிலும் இருப்பதால் அதை விளக்கப் போவதில்லை. நடைமுறையில் இரண்டாவது வகைதான் அதிகம் ஏமாற்றுகிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் 95 கோடி டாலருக்கு மேற்பட்ட போலிப் பரிமாற்றக் கட்டளைகள் அனுப்பப்பட்டபோது, அவற்றை அச்சிட்டுக் காட்ட வேண்டிய அச்சுப்பொறி வேலை செய்யவில்லை; வழக்கமான பழுது என்றே ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. கண்டறியும் கட்டுப்பாட்டை வடிவமைக்கும்போது, எதுவும் கிடைக்காத நாளிலும் “இன்று பூஜ்யம்” என்று ஓர் அறிக்கை வந்தே ஆக வேண்டும் என்று வைத்தால், அறிக்கை வராததே எச்சரிக்கையாகிவிடும். இன்னொரு பக்கம், எச்சரிக்கை வந்தும் பயனில்லாமல் போவதுண்டு. பிரான்சின் சொசைட்டி ஜெனரால் வங்கியில் ஜெரோம் கெர்வியெல் என்ற வர்த்தகர் 2008 ஜனவரியில் பிடிபட்டு, அவர் அனுமதியின்றிச் சந்தையில் எடுத்திருந்த நிலைகளை முடித்ததில் வங்கிக்கு 490 கோடி யூரோ இழப்பு வந்தது. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டில் எழுபதுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்திருந்தன. பெரும்பாலும் அவரிடமே விளக்கம் கேட்கப்பட்டது, அவர் விளக்கம் கொடுத்தார், கோப்பு மூடப்பட்டது. முன்பு அவர் வர்த்தகத்தைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவர் என்பதால், எந்தச் சரிபார்ப்பு எந்த நாளில் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. விலகலுக்கான விளக்கத்தைச் சம்பந்தப்பட்டவரிடம் கேட்கலாம், ஆனால் அந்த விளக்கத்துக்கான சான்று அவர் கை படாத இடத்திலிருந்து வர வேண்டும். நம் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலில் மாதக்கணக்கில் நிற்கும் “நிலுவை” வரிகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒரு வேலையைச் செய்பவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற பொறுப்புப் பிரிப்பு பற்றி நீங்கள் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 1762-இல் தொடங்கியது. 1995 பிப்ரவரியில் அது விழுந்தபோது, நிக் லீசன் சிங்கப்பூரில் வர்த்தகம் செய்பவராகவும், அந்த வர்த்தகத்தைக் கணக்கில் ஏற்றும் பிரிவுக்குப் பொறுப்பாளராகவும் ஒருசேர இருந்தார். 88888 என்ற கணக்கில் அவர் ஒளித்துவைத்த இழப்பு 82.7 கோடி பவுண்டு. இது பலரும் அறிந்த கதை. அதிகம் பேசப்படாதது, வங்கியின் உள்தணிக்கைப் பிரிவு 1994-இலேயே இந்த இரண்டு பொறுப்புகளையும் பிரிக்கச் சொல்லி அறிக்கை கொடுத்திருந்தது என்பதுதான். பரிந்துரை செயல்படுத்தப்படவில்லை. அவர் ஈட்டுவதாகத் தோன்றிய லாபம் அந்தப் பரிந்துரையின் அவசரத்தை மழுங்கடித்துவிட்டது. வழக்கத்துக்கு மாறான இழப்பைப் போலவே வழக்கத்துக்கு மாறான லாபமும் காரணம் கேட்கப்பட வேண்டிய விலகல் என்று உங்கள் மாதாந்திர ஆய்வில் எழுதிவையுங்கள். எழுதிவைக்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அறுபது பேர் கொண்ட நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் மூன்று பேர் இருந்தாலே அதிகம். எல்லாவற்றையும் பிரிக்க ஆள் இல்லை என்பீர்கள். உண்மைதான். அங்கே, பிரிக்க முடியாத குறையை ஈடுகட்டும் இரண்டு ஈடுசெய் கட்டுப்பாடுகள் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருகின்றன. ஒன்று, வங்கி அறிக்கை கணக்குப் பிரிவைத் தொடாமல் நேராக உரிமையாளர் பார்வைக்கு வருவது. மற்றொன்று கட்டாய விடுப்பு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து டிக்சன் என்ற சிறு நகரத்தில் நகராட்சியின் நிதிப் பொறுப்பாளர் ரீட்டா கிரண்ட்வெல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக 5.3 கோடி டாலருக்கு அதிகமாகச் சுருட்டியிருந்தார். ஆண்டுதோறும் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. 2011-இல் அவர் நீண்ட விடுப்பில் சென்றிருந்தபோது, அவர் வேலையைப் பார்த்த எழுத்தர் நகராட்சியின் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளின் அறிக்கைகளையும் வங்கியிடம் கேட்டு வாங்கினார். யாருக்கும் தெரியாத ஒரு கணக்கு அந்தக் கட்டில் இருந்தது. பணம் தொடும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு வாரம் தொடர்ச்சியாக, மடிக்கணினியும் கடவுச்சொல்லும் இல்லாமல் விடுப்பில் இருக்க வேண்டும் என்பதையும், அந்த வேலையை வேறொருவர் உண்மையிலேயே செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். திரும்பி வரும்வரை வேலையைக் குவித்து வைத்திருந்தால் அந்த விடுப்பால் பயனில்லை.

மேலிருப்பவரே விதியைத் தாண்டும்போது என்ன செய்வது என்பது இதைவிடச் சங்கடமான இடம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமின் கணக்கு மோசடியில் 2002 ஜூனில் வெளிவந்த முதல் தொகை 380 கோடி டாலர். லாபம் கூடுதலாகத் தெரிய, சாதாரணச் செலவை மூலதனச் செலவாகக் காட்டிய அந்தப் பதிவுகள் நிதித் தலைமையின் கட்டளைப்படி, உரிய ஆதாரம் இல்லாமல் கணக்கில் ஏற்றப்பட்டவை. கீழே இருந்தவர்களுக்கு அது தவறு என்று தெரியும். அந்த ஆண்டே அமெரிக்காவில், நிதி அறிக்கைக்கும் உள்கட்டுப்பாட்டுக்கும் நிர்வாகத்தைப் பொறுப்பாக்கும் சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் வந்ததற்கு இத்தகைய நிகழ்வுகளே காரணம். இந்த இடருக்கு எதிராக முழுப் பாதுகாப்பு கிடையாது. எந்தக் கட்டமைப்பும் அப்படி உறுதியளிப்பதில்லை. மாத, காலாண்டு முடிவில் கையால் போடப்படும் ஜர்னல் பதிவுகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் உண்டா என்று நிதித் தலைமைக்குக் கீழே வராத ஒருவர் பார்ப்பதும், முறையீடு செய்பவர் நிர்வாகத்தைத் தாண்டி இயக்குநர் குழுவை அடைய ஒரு வழி இருப்பதும் இயன்றவை. சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்கள் சங்கத்தின் 2024 உலக அறிக்கையில் மோசடிகளில் 43 விழுக்காடு யாரோ ஒருவர் கொடுத்த துப்பால் வெளிவந்தவை. அந்தத் துப்புகளில் பாதிக்கு மேல் ஊழியர்களிடமிருந்து வந்தவை. உங்கள் பட்டியலில் முறையீட்டு வழி என்ற வரியே இல்லை என்பது என் கண்ணில் பட்டது.

இனி எதை விடுவது. ஒவ்வொரு கட்டுப்பாடும் யாரோ ஒருவரின் நேரத்தைத் தின்கிறது. நேரம் தாங்காதபோது மனிதர்கள் கட்டுப்பாட்டைச் சுற்றிப்போக வழி கண்டுபிடிக்கிறார்கள். ஒப்புதல் வரம்பு மிகத் தாழ்வாக இருந்தால் கொள்முதல்கள் வரம்புக்குச் சற்றே கீழே துண்டு துண்டாக உடைக்கப்பட்டு வரும். மேலாளருக்கு நாளொன்றுக்கு நூறு ஒப்புதல் வந்தால் அவர் தம் கடவுச்சொல்லை உதவியாளரிடம் கொடுத்துவிடுவார். இரண்டாவது நடந்த நாளிலிருந்து, காகிதத்தில் இருக்கும் உங்கள் பொறுப்புப் பிரிப்புகள் எல்லாம் ஒரே ஆளின் கையில் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே எந்தத் தவறு வாக்கியத்தோடும் இணைக்க முடியாத கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஒரே தவறைத் தடுக்கும் நான்கில், மற்றவை தவறினாலும் தனித்து நிற்கக்கூடிய ஒன்றையும் அதற்குத் துணையாக இன்னொன்றையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளால் தடுக்க முடிந்ததை மனிதரிடம் கொடுக்காதீர்கள்: பில் எண்ணிலிருந்து கோடு, இடைவெளி, முன்னால் வரும் பூஜ்யங்கள் ஆகியவற்றை நீக்கிவிட்டு, வழங்குநர், தேதி, தொகை ஆகியவற்றோடு ஒப்பிடச் செய்வது சிறிய வேலை. நான் மேலே சொன்ன இரட்டைப் பணம் அத்துடன் நின்றுபோனது. ரப்பர் ஸ்டாம்பும் கைவிடப்பட்டது. எந்த இடரையும் பூஜ்யமாக்க முயல வேண்டியதில்லை. எஞ்சும் இடர் இவ்வளவு, இதை ஏற்றுக்கொள்கிறோம் என்று உரிமையாளர் தெரிந்தே கையொப்பமிட்டு வைத்திருக்கும் ஒரு பக்கம், யாரும் படிக்காத நாற்பது கட்டுப்பாடுகளைவிடப் பயனுள்ளது.

வடிவம் சரியாக இருப்பது ஒன்று, அது நாள்தோறும் நடப்பது இன்னொன்று. முதலாவதைப் பார்க்க, உண்மையான ஒரே ஒரு பரிவர்த்தனையை எடுத்து, கொள்முதல் கோரிக்கையிலிருந்து வங்கிப் பற்று வரை ஒவ்வொரு மேசையிலும் அதன் பின்னால் நடந்து, அங்கே இருப்பவரிடம் “இதில் என்ன தப்பாக இருந்தால் நிறுத்துவீர்கள், கடைசியாக எப்போது நிறுத்தினீர்கள்” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த மேசையில் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதே சந்தேகம். நாள்தோறும் நடப்பதைப் பார்க்க மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்போது தாளில் இருப்பதோடு தாளையும் பாருங்கள். ஒருமுறை பன்னிரண்டு மாதச் சரிபார்ப்புப் படிவங்கள் என் முன் வைக்கப்பட்டன. பன்னிரண்டிலும் ஒரே பேனா மை, ஒரே சாய்வு. ஜூலைப் படிவத்தின் மேல் எழுதிய அழுத்தம் ஆகஸ்டின் தாளில் பதிந்திருந்தது. எல்லாம் முந்தைய நாள் மாலை ஒரே அமர்வில் எழுதப்பட்டவை என்று கேட்டதுமே ஒப்புக்கொண்டார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை, அந்தப் படிவத்தை ஓராண்டாக யாரும் கேட்டு வாங்கவே இல்லை.

உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு நான் செய்யச் சொல்வது இதுதான்: அடுத்த இரண்டு வாரங்களுக்கு அதை மூடி வையுங்கள். பணம் வெளியே போகும் வழி, வழங்குநர் கோப்பில் மாற்றம், சம்பளப் பட்டியலில் புதிய பெயர் சேர்தல், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடன் வரம்பும் தள்ளுபடியும், மென்பொருளில் யாருக்கு எந்த உரிமை என்ற ஐந்து இடங்களுக்கு மட்டும் தவறு வாக்கியங்களை எழுதுங்கள். ஓர் இடத்துக்கு ஆறேழுக்கு மேல் வராது. பிறகு பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கு எதிரேயும் பொருந்தும் வரியைத் தேடுங்கள். பல வாக்கியங்களுக்கு எதிரே எதுவும் இருக்காது, பல வரிகளுக்கு எதிரே வாக்கியம் இருக்காது. முதலில் நிரப்ப வேண்டியது முதல் வகை. அதிலும் வேலையை விட்டுச் சென்றவர்களின் பயனர் கணக்குகள் இன்னும் திறந்திருக்கின்றனவா என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அதற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.